இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று: சிக்கலான கர்ப்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். வளைகாப்பு முடிந்ததும் அழைத்துப் போய்விடுவார்கள். குளிக்க வெந்நீர் வைப்பது முதல் எல்லாம் அம்மா கையால் நடக்கும். இரண்டாவது, மூன்றாவது கர்ப்பத்துக்குப் பெரும்பாலும் இந்த ஏற்பாடு கிடையாது. "அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்று விட்டுவிடுகிறார்கள். முந்தைய சிசேரியன் தழும்பின் மேல் நஞ்சு (நஞ்சுக்கொடி) ஒட்டிக்கொள்வது, சரியான இடைவெளி இல்லாமல் தரித்ததால் வரும் இரத்தசோகை போன்றவை தலைகாட்டுவதோ இந்தக் கர்ப்பங்களில்தான். கவனிப்பு அதிகம் தேவைப்படும் நேரத்தில் அவளே ஒரு கைக்குழந்தையைக் கவனித்துக்கொண்டிருக்கிறாள்.

டாக்டர் "ரெஸ்ட் எடும்மா" என்கிறார். வீட்டில் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். அவள் செய்யும் வேலைகளை இனி யார் செய்வது என்று மட்டும் யாரும் பேசுவதில்லை. நான் பார்த்தவரை முதல் தவறு இதுதான். ஓய்வு என்றால் என்னவென்று டாக்டரிடமே பிட்டுப் பிட்டுக் கேளுங்கள்: பிள்ளையைத் தூக்கலாமா, மாடி ஏறலாமா, வண்டியில் உட்கார்ந்து போகலாமா, கணவன் மனைவி சேரலாமா? நஞ்சு கீழே இறங்கியிருப்பவருக்கு ஒரு பதில், பி.பி. உள்ளவருக்கு வேறு பதில். பக்கத்து வீட்டுக்காரரின் அனுபவம் இங்கே உதவாது. கேட்கும்போது கணவரோ மாமியாரோ உடன் இருந்தால் நல்லது. அந்தப் பதிலை வீட்டில் நீங்களே சொன்னால் எடுபடாமல் போகலாம்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பயத்தில் நாள் முழுக்கப் படுத்தே கிடப்பது. முழுநேரப் படுக்கையால் குறைப்பிரசவம் தடுக்கப்படுவதாக ஆய்வுகளில் நிரூபணம் ஆகவில்லை. அசையாமல் கிடந்தால் காலில் இரத்தம் உறையும் அபாயம்தான் கூடும்.

"அப்பாகிட்ட குழந்தை இருக்காது" என்ற பேச்சை ஆறாம் மாதத்துக்கு முன்பே விட்டுவிட வேண்டும். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, இரவில் தூங்கவைப்பது மூன்றையும் அப்பாவோ பாட்டியோ இப்போதே பழகட்டும். சில நாள் அழும். திடீரென்று நீங்கள் ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தால் அன்று அழப்போகும் அழுகையைவிட இது குறைவு. தூக்கச் சொல்லி அடம்பிடிக்கும் பிள்ளைக்கு, நீங்கள் தரையில் உட்கார்ந்து மடியைக் காட்டுங்கள், அதுவே ஏறிக்கொள்ளும். கட்டிலில் தூக்கிப் போடுவதற்குப் பதில் பாயிலோ மெத்தையிலோ கீழேயே படுக்கவையுங்கள்.

மாத்திரைகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காமல் இருக்கச் சாப்பாட்டு மேசையிலோ தலையணைக்குக் கீழோ வைப்பார்கள். அம்மா தினம் விழுங்குவதைப் பார்க்கும் பிள்ளைக்கு அது மிட்டாய். சின்னக் குழந்தைக்கு அதிக இரும்புச்சத்து உயிருக்கே ஆபத்தான விஷம். இதில் கொடுமை, முதலில் வாந்தி எடுத்துவிட்டுச் சில மணி நேரம் தெளிந்ததுபோல இருந்து, பிறகு நிலைமை மோசமாகலாம். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மாத்திரைகள் பூட்டிய அலமாரியில்தான் இருக்க வேண்டும்.

பிள்ளை தட்டில் மிச்சம் வைத்ததை வழித்துச் சாப்பிடும் பழக்கம் நம் வீடுகளில் எல்லா அம்மாக்களுக்கும் உண்டு. வீணாகப் போகிறதே என்ற மனசுதான். சுகர் வந்த கர்ப்பிணிக்கு அந்த நாலு வாய் சோறு கணக்கில் வராமல் ஏறும். போதாததற்கு, சின்னப் பிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் இருக்கும் சைட்டோமெகலோ என்ற வைரஸ், வயிற்றில் உள்ள குழந்தையின் காதுகேட்கும் திறனைப் பாதிக்கக்கூடும். தட்டும் ஸ்பூனும் தனித்தனியாக இருக்கட்டும். ஜட்டி மாற்றியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

அடுத்தது, உயிரோடு விளையாடும் தவறு. "தலைச்சனுக்கும் இப்படித்தான் கால் வீங்குச்சு" என்று ஒப்பிட்டு ஒதுக்குவது. விடாத தலைவலி, கண் மங்குவது, மேல்வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென வீங்குவது, இரத்தம் படுவது, பனிக்குடம் உடைவது, வயிற்றில் குழந்தையின் துடிப்பு (அசைவு) குறைவது. இதில் எது வந்தாலும் "காலையில் பார்த்துக்கலாம்" வேண்டாம். 20 வாரத்துக்குப் பிறகு பி.பி. 140/90-ஐத் தொட்டாலே டாக்டர் பார்த்தாக வேண்டும். நாள் முழுக்கப் பிள்ளை பின்னால் ஓடும் அம்மாவுக்குத் துடிப்பைக் கவனிக்க நேரம் இருக்காது. அதனால் பிள்ளை தூங்கிய பிறகு இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்துக் கவனியுங்கள். வழக்கத்தைவிடக் குறைந்தால் அப்போதே கிளம்புங்கள்.

கிளம்ப முடியாமல் தடுப்பது பல வீடுகளில் ஒரே கேள்விதான்: பிள்ளையை யாரிடம் விடுவது? நடுராத்திரியில் இதை யோசிக்கக் கூடாது. பகலில் ஒருவர், இரவில் ஒருவர் என்று இன்றே பேசி வையுங்கள். உறவுக்காரர் தூரத்தில் இருந்தால் பக்கத்து வீட்டு அக்காவாக இருக்கட்டும். பையில் பழைய பிரசவத்தின் டிஸ்சார்ஜ் காகிதம், ஸ்கேன் ரிப்போர்ட், இரத்த வகை, பிக்மி எண் (அரசிடம் கர்ப்பத்தைப் பதிந்ததும் தரும் எண்). முதல் சிசேரியன் ஏன் செய்தார்கள் என்பது அந்தக் காகிதத்தில்தான் இருக்கும். 108-க்கு யார் போன் செய்வது என்பதுகூட முடிவாகியிருக்கட்டும்.

இதே காரணத்துக்காகச் செக்கப்பைத் தள்ளிப்போடுவதும் நடக்கிறது. மாதந்தோறும் 9-ம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை உண்டு. இரண்டு வயது முடிந்த பிள்ளையை அங்கன்வாடியில் சேர்த்தால் உங்களுக்குப் பகலில் சில மணி நேரம் கிடைக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: கர்ப்பத்தால் வரும் நோய்க்கு, பேறுகால விடுப்பு போக இன்னும் ஒரு மாதம் வரை சம்பளத்துடன் விடுப்புக் கேட்கச் சட்டத்தில் இடமுண்டு.

பெரிய பிள்ளையிடம் "பாப்பாவாலதான் அம்மா உன்னைத் தூக்க முடியல" என்று சொல்லாதீர்கள். பிறக்காத குழந்தை மேல் அதற்குப் பகை வந்துவிடும். "அம்மாவுக்கு வயிறு வலிக்குது, டாக்டர் தூக்கக் கூடாதுன்னார்" என்றாலே போதும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தூங்கவைத்துவிட்டு நைசாக நழுவவும் வேண்டாம். யாருடன் இருக்கப்போகிறது, எங்கே தூங்கும், அம்மா எப்போது போனில் பேசுவாள் என்று மூன்றையும் சொல்லிவிட்டுப் போங்கள்.

பிள்ளை மேல் எரிந்து விழுந்துவிட்டு ராத்திரியில் அழுகிறீர்களா? தூக்கமே வரவில்லையா? இதையும் பி.பி.யைப் போலவே செக்கப்பில் சொல்ல வேண்டும். வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.