தடை உத்தரவு கையில் இருந்தும் அவமதிப்பு மனு தள்ளுபடியாவது ஏன்?

பக்கத்து மனைக்காரர் மதில் எழுப்பக் கூடாது என்று வெள்ளிக்கிழமை மாலை உரிமையியல் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கியவர், சனிக்கிழமை காலையில் அங்கே கடைக்கால் தோண்டப்படுவதைக் கண்டதும் "நீதிமன்ற அவமதிப்பு" என்று கொதிப்பது இயல்பு. ஆனால், அந்த நேரத்தில் தடை உத்தரவு எதிர்த்தரப்புக்குத் தெரிந்திருந்ததா என்பதே நீதிபதி கேட்கும் முதல் கேள்வி. 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் உரிமையியல் அவமதிப்பு என்று சொல்வது வேண்டுமென்றே செய்த மீறலை. தெரியாத உத்தரவை யாரும் வேண்டுமென்றே மீற முடியாது.

எதிர்த்தரப்பைக் கேட்காமலே பிறந்த தடையில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 39, விதி 3இன்படி மனு, பிரமாணப் பத்திரம், பிராது (வழக்கைத் தொடுத்த மனு), சார்ந்த ஆவணங்கள் ஆகியவற்றின் நகல்களை மனுதாரரே உடனடியாக நேரில் கொடுக்கவோ பதிவுத் தபாலில் அனுப்பவோ வேண்டும்; அதைச் செய்துவிட்டதாக அன்றோ மறுநாளோ பிரமாணப் பத்திரமும் தாக்கல் செய்ய வேண்டும். "அமீனா (நீதிமன்ற ஊழியர்) கொண்டுபோய்ச் சார்பு செய்துவிடுவார்", அதாவது எதிர்த்தரப்பிடம் சேர்ப்பித்துவிடுவார் என்று வீட்டுக்குப் போய்விடுகிறவர், தடையை நீக்கக் கேட்கும் எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தானே வாதம் எடுத்துக் கொடுக்கிறார். தபால் ரசீதையும் ஒப்புகை அட்டையையும் வழக்குக் கட்டிலேயே வைத்திருங்கள். "வாங்க மறுத்தார்" என்று தபால்காரர் எழுதித் திரும்பிய உறையைப் பிரிக்காமல் அப்படியே நீதிமன்றத்தில் காட்டுங்கள். மறுப்பும் சார்பு ஆனதாகவே கொள்ளப்படும்.

அடுத்த தவறு, எல்லாவற்றுக்கும் உயர் நீதிமன்றத்துக்கு ஓடுவது. கீழ் நீதிமன்றம் தந்த தடை மீறப்பட்டால், அதே நீதிமன்றத்தில் கட்டளை 39இன் விதி 2அ இருக்கிறது: சொத்தை ஜப்தி செய்யலாம், மூன்று மாதம் வரை சிவில் சிறையில் வைக்கலாம். பணம் கட்டச் சொல்லும் தீர்ப்பாணைக்கு வழி, அதை நிறைவேற்றித் தரக் கேட்கும் நிறைவேற்றுகை மனுவே. அவமதிப்புச் சட்டப்படிதான் போவதென்றால் பிரிவு 20 விதிக்கும் ஓராண்டுக் கெடுவை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

உத்தரவு யார்மீது பிறந்ததோ அவருக்கும் ஒரு சொல்: உத்தரவு தவறானதென்று வக்கீல் சொன்னாலும், மேல்முறையீடு தாக்கலாகிவிட்டாலும், அது நீக்கப்படும்வரை அல்லது நிறுத்திவைக்கப்படும்வரை கட்டுப்படுத்தும். அவமதிப்புச் சட்டத்தின் பிரிவு 12இன்படி ஆறு மாதம் வரை வெறுங்காவலோ (கடின உழைப்பில்லாத சிறை) 2,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். நீதிமன்றத்துக்குத் திருப்தி தரும் மன்னிப்புக்கும் அங்கேயே இடமுண்டு. ஆனால் மதிலை இடிக்காமல் மன்னிப்புப் பத்திரத்தை மட்டும் நீட்டுகிறவருக்கு அந்தத் திருப்தியைப் பெறுவது கடினம்.