ஆடிப் பட்டம் டர்பனுக்குப் பொருந்தாது: தொட்டி மிளகாய் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டிலிருந்து வேலை நிமித்தமாகத் தென்னாப்பிரிக்காவுக்கு வந்து சேரும் குடும்பங்கள், வீடு பிடித்து அடுப்பு மூட்டியதும் அடுத்ததாகச் செய்யும் காரியம், கறிவேப்பிலைக்கும் மிளகாய்க்கும் ஒவ்வொரு தொட்டி தேடுவதுதான். கறிவேப்பிலைக்கு இங்கே கவலை இல்லை. டர்பனின் பழைய இந்தியக் குடியிருப்புகளில் வேலிக்கு வேலி அது நிற்கிறது. கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கன்றைப் பிடுங்கிக் கொடுத்துவிடுவார். மிளகாய் அப்படியன்று. நாற்றாக இருக்கையில் ஒரு விதமாகவும், இலை தழைக்கையில் இன்னொரு விதமாகவும், பூக்கையில் முற்றிலும் வேறு விதமாகவும் கவனிப்பைக் கேட்கும் செடி அது. ஊரில் கற்ற பாடத்தை அப்படியே இங்கே ஒப்பிப்பதால்தான் பெரும்பாலான தொட்டிகள் காய்க்காமல் போகின்றன என்பது, மூன்று கோடைகளை வீணாக்கிய பிறகு நான் கண்டுகொண்டது.

முதல் தவறு நாட்காட்டியில் இருக்கிறது. "ஆடிப் பட்டம் தேடி விதை" என்ற சொல் நம் நாவில் ஊறியது. ஆனால் ஆடி மாதமாகிய ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரையான காலம், பூமத்திய ரேகைக்குத் தெற்கே முப்பது பாகை தள்ளியிருக்கும் டர்பனில் நடுக் குளிர்காலம். அப்போது இரவு வெப்பம் 11, 12 டிகிரி செல்சியசுக்கு இறங்கும்; மழையும் குறைவு. மிளகாய் விதை முளைக்க மண்ணின் வெப்பம் 25 முதல் 30 டிகிரி வரை இருப்பது நல்லது. 15க்குக் கீழே போனால் விதை உறங்கும், அல்லது ஈரத்தில் கிடந்து அழுகும். முதல் ஆண்டு ஆடி பதினெட்டில் நான் பயபக்தியோடு விதைத்ததைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு ஆயா, "இப்போ போடாதே தம்பி, குளிர் போகட்டும்" என்றார். அவர் குடும்பம் நான்கு தலைமுறைக்கு முன்னர் கரும்புத் தோட்டத்துக்கு வந்தது. அவரிடம் எஞ்சியிருக்கும் தமிழ் சமையலறைக்கும் கோயிலுக்கும் போதுமான அளவே என்றாலும், அந்தத் தமிழில் பருவ ஞானம் முழுமையாக இருந்தது. நான் கேட்கவில்லை, ஒரு விதைகூட முளைக்கவில்லை.

இங்கே விதைக்க ஏற்ற நேரம் ஆவணிக் கடைசியும் புரட்டாசியின் முதல் வாரமும். டர்பன் தமிழர்கள் புரட்டாசி விரதத்துக்காக வார்விக் பகுதியின் விடியற்காலைச் சந்தையில் காய்கறி வாங்கத் திரளும் நாட்களையே விதைப்பு நாட்களாக நினைவில் வைத்துக்கொள்ளலாம். அக்டோபர் இறுதியில் நாற்றுப் பிடுங்கி நட்டால், டிசம்பரில் பூ நிறைந்து, தைப்பூசக் காவடி எடுக்கும் சமயத்தில் காய் தொங்கும். ஜொஹானஸ்பர்க் கதை வேறு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்நகரில் குளிர்காலத்தில் உறைபனி விழும் என்பதால், விதையை வீட்டுக்குள் முளைக்கவைத்து, பனி பயம் முழுவதும் நீங்கிய பிறகே வெளியே எடுக்க வேண்டும். கோடையில் அங்கே ஆலங்கட்டி மழையும் உண்டு. இலை தழைத்த செடியைப் பத்து நிமிடத்தில் குச்சியாக்கிவிடும் என்பதால், ஒதுக்கி வைக்கக்கூடிய தொட்டியே அங்கே தரையைவிட நல்லது.

விதையைப் பற்றியும் ஒரு சொல். ஊரிலிருந்து திரும்புகையில் குண்டு மிளகாய் விதையைத் தாளில் மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. இறக்குமதி அனுமதியின்றி விதை கொண்டுவருவது இந்நாட்டில் சட்டப்படி தவறு. கண்ணுக்குத் தெரியாத நோய்களும் அதனோடு வரும். உள்ளூர் நாற்றங்கால்களில் பறவைக்கண் மிளகாய் முதல் நீள மிளகாய்வரை கிடைக்கின்றன.

இரண்டாவது தவறு திசை. இணையத்தில் வடகோளத்துக்காரர்கள் எழுதிய குறிப்புகள் எல்லாம் தெற்குப் பார்த்த சன்னலையும் தெற்குச் சுவரையும் சிபாரிசு செய்யும். தென்னாப்பிரிக்காவில் சூரியன் வடக்கு வானத்தில் நடக்கிறது. வீட்டின் தெற்குப் பக்கம் ஆண்டின் பெரும்பகுதி நிழலிலேயே கிடக்கும். மிளகாய்க்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். இரண்டாம் ஆண்டு நான் என் தொட்டிகளைத் தெற்குப் பக்கப் படிக்கட்டில் வரிசையாக அடுக்கிவைத்து, அவை வெளிறி, கொடிபோல் நீண்டு, ஜனவரியிலும் ஒரு மொட்டுக்கூட விடாமல் நின்றதற்கு மண்ணையும் உரத்தையும் மாறி மாறிக் குற்றம் சாட்டினேன். பிறகு வடக்குச் சுவரோரம் மாற்றியதும் ஒரு மாதத்துக்குள் பூத்தன.

மண் விஷயத்தில் டர்பன்காரர்களுக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு. நகரின் பெரியா (Berea) என்னும் மேட்டுப் பகுதியின் சிவப்பு மணலை அள்ளித் தொட்டியில் போட்டால் நீர் நிற்காமல் ஓடிவிடும். ஊரின் களிமண்ணுக்கு மணல் சேர்த்துப் பழகிய கை, இங்கேயும் மணலைச் சேர்க்கப் போகும், அது கூடாது. மூன்றில் ஒரு பங்காவது மக்கிய உரம் சேர்க்க வேண்டும். க்ரால் உரம் என்று மூட்டையில் விற்கப்படும் மாட்டெரு நன்றாக மக்கியிருந்தால் அதுவே போதும். சூடு தணியாத கோழி எரு வேரைக் கருக்கிவிடும். தொட்டி பத்து லிட்டருக்குக் குறையாமலும் அடியில் துளைகளோடும் இருக்கட்டும். துளையிட்ட பிறகு அடியில் தட்டு வைத்து அதில் நீரைத் தேங்கவிடுவது, துளையே இடாமல் விட்டதற்குச் சமம்.

நீர் ஊற்றுவதில் நிகழும் தவறு அன்பினால் வருவது. நண்பகலில் இலை துவண்டதைக் கண்டதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். கடும் வெயிலில் வேர் உறிஞ்சும் வேகத்தைவிட இலை ஆவியாக்கும் வேகம் மிகுவதால், மண்ணில் ஈரம் இருந்தாலும் இலை தொங்கும். மாலையில் தானாக நிமிரும். செடியின் தாகத்தை அறிய வேண்டிய நேரம் விடியற்காலை. அப்போதும் துவண்டிருந்து, விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விட்டால் மண் உலர்ந்திருந்தால் நீர் தேவை. மண் ஈரமாக இருந்தும் காலையிலேயே செடி தலை கவிழ்ந்திருந்தால் அது வேரழுகலாகவோ பாக்டீரியா வாடலாகவோ இருக்கும். மேலும் நீர் ஊற்றுவது கேட்டை விரைவுபடுத்தும். தண்டின் அடிப்பகுதியை அறுத்துக் கண்ணாடி டம்ளர் நீரில் தொங்கவிட்டால், பாக்டீரியா வாடல் கண்ட தண்டிலிருந்து பால்போல் ஒரு இழை நீரில் இறங்கும். அந்தச் செடியை மண்ணோடு அப்புறப்படுத்த வேண்டும். தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு ஆகியவையும் மிளகாயின் குடும்பமே என்பதால், அவை வாடிச் செத்த தொட்டி மண்ணில் மிளகாயை நடுவது நோயை வாரிசுக்கு எழுதிவைப்பதாகும்.

உரப் பையின் எண்களைத் தவறாக வாசிப்பது, இந்தியாவிலிருந்து வந்த படித்தவர்களே செய்யும் பிழை. நம் ஊரில் 17:17:17 என்று எழுதியிருந்தால் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஒவ்வொன்றும் நூற்றுக்குப் பதினேழு என்று பொருள். இங்கே பையில் 2:3:2 (22) என்று இருந்தால் அவ்வெண்கள் விகிதம் மட்டுமே. அடைப்புக்குள் உள்ள 22தான் மூன்றும் சேர்ந்த மொத்தச் சதவீதம். ஆக அதில் தழைச்சத்து ஏறத்தாழ 6.3, மணிச்சத்து 9.4, சாம்பல்சத்து 6.3 சதவீதம். "இரண்டு சதவீதம்தானே" என்று எண்ணிக் கைநிறைய அள்ளிப் போடுபவர், தாம் நினைத்ததைப்போல் மூன்று மடங்கு தழைச்சத்தைப் போடுகிறார். நடவுக்கு 2:3:2 ஏற்றது; மொட்டு விடத் தொடங்கியதும் சாம்பல்சத்து மிகுந்த 3:1:5க்கு மாற வேண்டும். புல்தரைக்கு வாங்கிய எல்.ஏ.என். (சுண்ணாம்புக்கல் கலந்த அம்மோனியம் நைட்ரேட்) உரம் மிஞ்சிவிட்டது என்று அதை மிளகாய்க்குப் போடுபவர்கள் கவனிக்க வேண்டும்: அதில் 28 சதவீதம் தழைச்சத்து. செடி கரும்பச்சையாக, இடுப்பளவு உயர்ந்து, பார்ப்பவர் மெச்சும்படி நிற்கும், பூக்காது.

இனிப் பூவுக்கு வருவோம். அதிகமான மனவருத்தம் இங்கேதான்.

செடி முதன்முதலில் கவட்டை பிரியும் இடத்தில் விடும் பூவைக் கிள்ளிவிட வேண்டும் என்றால் யாருக்கும் மனம் வராது. எனக்கும் வரவில்லை. ஆனால் சாண் உயரச் செடி அந்த ஒற்றைக் காயைச் சுமக்கத் தன் வலுவையெல்லாம் செலவழித்துக் கிளை விடுவதை நிறுத்திக்கொள்ளும். முதல் சில பூக்களைக் கிள்ளிய செடி, சற்றுத் தாமதமாகக் காய்த்தாலும் கூடுதலாகக் காய்க்கும்.

பிறகு பூ உதிர்தல். இதற்கு ஒரே காரணத்தைத் தேடி ஒரே மருந்தைத் தெளிப்பது தவறு. இரவு வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போனாலும், 24க்கு மேலே நின்றாலும் பூ உதிரும். பகலில் 35ஐத் தாண்டினாலும் அப்படியே. குளிர்காலக் கடைசியிலிருந்து வசந்தம்வரை உள்நாட்டு மேட்டுநிலத்திலிருந்து கடற்கரை நோக்கி இறங்கும் பெர்க் காற்று என்னும் உலர்ந்த சுடுகாற்று, சில மணி நேரத்தில் டர்பனின் வெப்பத்தை மளமளவென்று ஏற்றி, பின்னாலேயே குளிர்ந்த மழைக்காற்றையும் இழுத்துவரும். அந்த இரண்டு நாள் ஊசலாட்டத்திலேயே முன்கூட்டிப் பூத்த செடியின் மொட்டுகள் கொட்டிவிடும். அப்போது செய்ய வேண்டியது தொட்டியைச் சுவரோரம் ஒதுக்குவதும், மண்மேல் காய்ந்த புல்லைப் பரப்பி ஈரம் காப்பதும் மட்டுமே, உரம் வைப்பதன்று. ஜனவரி, பிப்ரவரியில் கடற்கரைக் காற்றின் ஈரம் மிகுந்து மகரந்தம் ஒட்டிக்கொள்வதும் ஒரு காரணம். மிளகாய்ப் பூ தன்மகரந்தச் சேர்க்கை செய்வது. அதற்குச் சிறு அசைவு போதும். காற்றும் தேனீயும் எட்டாத மாடிக் கூடத்தில் வளர்ப்பவர்கள், வெயில் ஏறிய முற்பகலில் கிளையை விரலால் மெல்லச் சுண்டிவிட்டால் போதும். இவற்றையெல்லாம் செய்தும் சில பூக்கள் உதிரத்தான் செய்யும். தாங்கக்கூடிய காய்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைச் செடியே கழித்துவிடுகிறது. விழுந்த பூக்களை எண்ணிக்கொண்டு உட்காருவதைவிட, பிடித்த பிஞ்சுகளை எண்ணுவது மனத்துக்கும் நல்லது.

இலை சுருளும் முரணை நோயைக் கண்டதும் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தைத் தெளிப்பதும் பொதுவான தவறு. இலை ஓரங்கள் மேல்நோக்கிப் படகுபோல் மடிந்தால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டால் மஞ்சள் சிலந்தி என்னும், கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுயிர். இலையைத் திருப்பிப் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது. இலைப்பேனுக்கு லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில துளி பாத்திர சோப்பும் கலந்து, வெயில் சாய்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையும்படி வாரம் ஒருமுறை தெளிக்கலாம். சிலந்திக்கு நீரில் கலக்கும் கந்தகத் தூள் கேட்கும். ஆனால் வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள்ளோ கடும் வெயிலிலோ கந்தகம் தெளித்தால் இலை தீய்ந்துவிடும். பூத்திருக்கும் செடியில் காலை வேளையில் எதைத் தெளித்தாலும் தேனீக்கள் மாளக்கூடும். கரப்பானுக்கு வாங்கிய தெளிப்பான் புட்டியை மிளகாய்ச் செடிமேல் அடித்த ஒரு நண்பரை எனக்குத் தெரியும். பூச்சி போயிற்று, இலையும் போயிற்று, எஞ்சிய காயைத் தின்னவும் முடியவில்லை. புகைபிடிப்பவர்கள் செடியைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். புகையிலையில் இருக்கும் தேமல் வைரசு விரல் வழியே மிளகாய்க்குத் தாவும். அதற்கு மருந்து கிடையாது.

காரமிளகாயின் பக்கத்தில் குடைமிளகாய் வைத்தால் குடைமிளகாயும் காரமாகிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. கலப்பு நிகழ்ந்தாலும் அது விதைக்குள் இருக்கும்; அந்த விதையை அடுத்த ஆண்டு போட்டால்தான் வேடிக்கை தெரியும்.

காய் பிடித்த பின் நீர்ப்பாய்ச்சல் ஒழுங்கு தவறினால், சுண்ணாம்புச்சத்து காயின் நுனிவரை போய்ச் சேராமல் நுனி கறுத்து அமுங்கும். அதைப் பூச்சி என்று நினைத்து விஷம் தெளிப்பவர்கள் பலர். பிப்ரவரி மழையில் பழுத்த காயில் வட்ட வட்டமாகக் குழி விழுந்தால் அது பூஞ்சை நோய். அந்தக் காய்களைப் பறித்து வெளியே எறிய வேண்டும், தொட்டியிலேயே மக்கவிடக் கூடாது. பறிக்கையில் இழுக்காமல் கத்தரியால் காம்பை நறுக்குங்கள், மிளகாய்க் கிளை எளிதில் முறியும். எல்லாம் பழுக்கட்டும் என்று செடியிலேயே விட்டுவைத்தால் புதுப் பூ குறைந்துபோகும். டர்பனின் விக்டோரியா தெருச் சந்தையில் மாமியாரை ஒழிக்கும் மசாலா என்றே பெயரிட்டு விற்கப்படும் காரத்துக்கு ஈடாக வீட்டில் அரைக்க விரும்புவோர், ஒரு செடியை மட்டும் பழுக்கவிட்டு மற்றதைப் பச்சையாகப் பறிப்பது நல்லது.

கடைசியாக, ஆனி மாதத்தில் இலை உதிர்ந்து குச்சியாய் நிற்கும் செடியைப் பிடுங்கி எறிவது. மிளகாய் ஓராண்டுப் பயிர் என்பது பழக்கத்தால் வந்த எண்ணம். உறைபனி இல்லாத டர்பன் கடற்கரையில் அது இரண்டு மூன்று ஆண்டுகள் நிற்கும். குளிர்காலத்தில் உரத்தை நிறுத்தி, நீரைக் குறைத்து, ஆகஸ்ட் கடைசியில் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்யலாம். ஜொஹானஸ்பர்க்கில் தொட்டியை வீட்டுக்குள் வெளிச்சமான இடத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். செடி செத்துவிட்டதா என்ற ஐயம் எழுந்தால், தண்டின் தோலை நகத்தால் சற்றே சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் தொட்டியை அப்படியே விட்டுவிடலாம். ஆயாவின் வேலியோரச் செடியில் சென்ற ஆண்டு அப்படிச் சுரண்டிய தழும்பு இன்னும் இருக்கிறது. அதற்கு நாலு விரற்கடை மேலே இந்த ஆண்டின் முதல் கவட்டை பிரிந்திருக்கிறது.