மேய்ச்சல் நிலத்துக்குச் சுண்ணாம்பு: எங்கே, எவ்வளவு, எப்படி?

மண்ணின் அமிலத்தைக் குறைக்கத்தான் சுண்ணாம்பு. புல் வெளுத்திருக்கிறதே என்று உடனே சுண்ணாம்பு மூட்டைக்குச் சொல்லிவிட வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரியில் கொஞ்சம் தோண்டினாலே வெள்ளைச் சுக்கான் கல் தட்டுப்படும் நிலங்கள் உண்டு. அது சுண்ணாம்புக் கல்தான்; அங்கே மேலும் சுண்ணாம்பு போட்டால் இரும்பும் துத்தநாகமும் வேருக்கு எட்டாது. இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பகுதி வெளிறும். சுண்ணாம்பு கேட்கக்கூடியது தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் போல மழையில் சத்துக் கரைந்தோடி அமிலமான செம்மண் மேடுதான்.

ஒரு பிடி காய்ந்த மண்ணில் வினிகர் சில சொட்டு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு வேண்டாம். நுரைக்காவிட்டால் அமில மண் என்று அர்த்தமில்லை. ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும்.

1. மண் மாதிரி
சாணி விழுந்த இடம், மாடு படுக்கும் மரத்தடி, வரப்போரம் மூன்றையும் விடுங்கள். 10 முதல் 15 இடங்களில் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி, பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனமாகச் சீவி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து அரை கிலோவை நிழலில் உலர்த்திக் கொடுங்கள். பாப்பாரப்பட்டி, எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையங்களில் ஆலோசனை கேட்கலாம். பி.எச். (மண்ணின் அமில, கார அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்) மட்டும் போதாது, அந்த மண்ணுக்கு எவ்வளவு போட வேண்டும் என்று சொல்லும் ‘சுண்ணாம்புத் தேவை’யும் கேளுங்கள். ஒரே பி.எச். இருந்தாலும் களிமண் மணற்பாங்கான மண்ணைவிடக் கூடுதலாகச் சுண்ணாம்பை இழுக்கும்.

2. போடலாமா?
பி.எச். 6.5-க்கு மேல் என்றால் வேண்டாம். 5.5-க்குக் கீழே என்றால் போடத்தான் வேண்டும். இடைப்பட்டதில் தீவனப் பயிரைப் பாருங்கள்: குதிரைமசால் அமிலத்தைத் தாங்காது, முயல்மசால் தாங்கும்.

3. எந்தச் சுண்ணாம்பு?
மாவு போல் அரைத்த சுண்ணாம்புக்கல் தூள் போதும். குருணையாக இருந்தால் வருடக்கணக்கில் கரையாமல் கிடக்கும். மக்னீசியமும் குறைவென்றால், அதுவும் கலந்த சுண்ணாம்புக்கல்லான டோலமைட். நீற்றுச் சுண்ணாம்பு வீரியம் கூடியது. 1,000 கிலோ கல்தூளுக்கு 740 கிலோ ஈடு. ஆனால் கண்ணையும் மாட்டின் வாயையும் புண்ணாக்கும். ஜிப்சம் களர் நிலத்துக்கானது, அமிலத்தை அது குறைக்காது.

4. தூவுவது
நிற்கும் புல்லில் ஒரு தடவைக்கு ஏக்கருக்கு 1 டன்னைத் தாண்ட வேண்டாம். அதாவது சென்ட்டுக்கு 10 கிலோ, 50 கிலோ மூட்டை ஒன்று 5 சென்ட்டுக்கு. கயிறு கட்டி 21 அடிக்கு 21 அடிக் கட்டம் பிரித்தால் ஏறக்குறைய ஒரு சென்ட். 5 கிலோவை நெடுக்காக, மீதி 5 கிலோவைக் குறுக்காக வீசுங்கள். மூட்டையைக் கொட்டி மண்வெட்டியால் இழுத்துவிடும் பழக்கம்தான் பாதிப் பேரின் வேலையைக் கெடுக்கிறது: கொட்டிய இடம் கருகும், பத்தடி தள்ளி ஒன்றும் சேராது.

காற்றில்லாத காலை நேரம், முகத்தில் துணி, முழுக்கைச் சட்டை. கோடை மழைக்குச் சற்று முன் என்றால் நல்லது. புதிதாக விதைக்கும் நிலமானால் உழுது கலந்துவிடுங்கள். மேலாகத் தூவியது வருடத்துக்கு ஓரிரு சென்டிமீட்டர்தான் இறங்கும். யூரியாவோ பச்சைச் சாணியோ கூடவே போட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். இரண்டு மூன்று வாரம் இடைவெளி விடுங்கள்.

5. மாடு
நல்ல மழை பெய்து இலையில் வெள்ளை போகும்வரை மாட்டை விட வேண்டாம். மழை ஏமாற்றினால் புல்லை ஒருமுறை அறுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, புதுத் துளிரில் மேய விடுங்கள். அடுத்த சுண்ணாம்பு, ஒரு வருடம் கழித்து அதே இடங்களில் மண் எடுத்துப் பார்த்த பிறகுதான்.