இடம் வாங்குறதுக்கு முன்னாடி ஈசி (வில்லங்கச் சான்று) பாக்குறது எப்படி: உட்பிரிவு நம்பரை மட்டும் போட்டா பத்தாது

திருமங்கலம் பக்கத்துல அஞ்சு சென்ட் இடம் ஒண்ணு முதலீடா வாங்கிப் போட்டோம். அதுக்கு வில்லங்கம் பாத்தப்போ ஒரு இடத்துல நல்லா மாட்டிக்கிட்டேன். முதல் தடவை மனை வாங்குறவங்க அதே இடத்துல மாட்டக்கூடாதுன்னுதான் இத எழுதுறேன்.

1. முதல்ல பட்டா. விக்கிறவர் குடுக்குற ஜெராக்ஸை நம்பாம, அரசு இணையதளத்துல நீங்களே பட்டாவையும் புலப்படத்தையும் (இடத்தோட அளவு வரைபடம்) எடுங்க. பேரு, பரப்பு, சர்வே நம்பர் மூணும் பத்திரத்தோட ஒத்துப்போகணும்.

2. அடுத்து பதிவுத்துறையோட இணையதளமான டிஎன்ரெஜிநெட் போய் மின்னணு சேவைகள்ல வில்லங்கச் சான்று, அதான் ஈசி; அந்த இடத்து மேல பதிவான கிரையம், அடமானம் எல்லாம் இதுல வரும். இத போன்ல பாக்காதீங்க, லேப்டாப்தான் சரி, ஒவ்வொரு பதிவுலயும் சொத்து விவரம் நீளமா இருக்கும், பெருசா வச்சுப் படிச்சாத்தான் புரியும். மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் ஆபீஸ், கிராமம் எல்லாம் தேர்ந்தெடுங்க. 13 வருஷம் போதும், 30 வருஷம் போதும்னு ஆளாளுக்குச் சொல்வாங்க, நான் 1975ல இருந்தே போடுவேன், ஆன்லைன்ல பாக்க காசு கிடையாது, அப்புறம் ஏன் குறைக்கணும்?

3. இங்கதான் நான் மாட்டுனது. பட்டாவுல சர்வே நம்பரும் உட்பிரிவும் சேந்து 112/3ஏ2ன்னு இருந்துச்சு, அதையே போட்டேன், ஒரே ஒரு கிரையம் மட்டும் வந்துச்சு, சுத்தமா இருக்குன்னு சந்தோஷப்பட்டு அட்வான்ஸ் குடுக்கக் கிளம்பிட்டேன். அப்பாவோட கூட்டாளி ஒருத்தர், முப்பது வருஷமா பத்திரம் எழுதுறவர், ஈசிய வாங்கிப் பாத்துட்டு, "தம்பி, இந்த உட்பிரிவே 2016லதானப்பா வந்திருக்கு, அதுக்கு முன்னாடி இந்த மண்ணுக்கு என்ன நம்பரு?"ன்னு கேட்டாரு. அதுக்கு முன்னாடி 112/3ஏ, அதுக்கும் முன்னாடி வெறும் 112/3. ராத்திரியே உக்காந்து மூணு நம்பருக்கும் தனித்தனியா போட்டுப் பாத்தேன். 112/3க்கு 2011ல ஒரு அடமானம், மொத்தம் ஒரு ஏக்கர் இருபது சென்ட்டுக்கும் சேத்து. அடமானம் தீந்ததுக்கு ரசீது ஆவணம்னு ஒண்ணு பதிவாகியிருக்கணும், கடைசி வரைக்கும் தேடியும் இல்ல.

விக்கிறவர் கடனை எப்பவோ கட்டிட்டோம்னாரு, உண்மையாவும் இருந்துச்சு. ஆனா ரசீது பதிவாகாம நான் கிரையம் பண்ண மாட்டேன்னு உறுதியா நின்னேன், பேங்க்ல அலைஞ்சு அத முடிக்க ரெண்டு மாசம் ஆச்சு.

பழைய நம்பர் தெரியலன்னா தாய்ப்பத்திரத்துல (இந்த இடத்தோட முந்தைய பழைய பத்திரம்) சொத்து விவரம் படிங்க. ஈசியிலயே பல பதிவுகளுக்கு முந்தைய ஆவண எண் இருக்கும், அதப் பிடிச்சுப் பின்னாடி போகலாம். நான் ஒரு நோட்டுல வருஷம், ஆவண எண், எழுதிக் குடுத்தவர், வாங்கினவர், பரப்புன்னு கோடு போட்டு எழுதினேன், இதுக்கு எக்செல்ல விட நோட்டுதான் எனக்குப் பிடிச்சிருக்கு. வாங்கினவர் பேரு அடுத்த பத்திரத்துல எழுதிக் குடுத்தவரா வரணும், வரலன்னா நடுவுல யாரோ விட்டுப்போயிருக்காங்க, வாரிசுச் சான்று கேளுங்க.

ஈசி சுத்தமா இருந்தாலும் உயிலு, பதியாத அக்ரிமென்ட்டு இதெல்லாம் அதுல வராது. அதனால வக்கீல் ஒப்பீனியன் கண்டிப்பா வாங்குங்க, அந்தக் காசை மிச்சம் பிடிக்காதீங்க.

4. பத்திரச் செலவை முதல்லயே ஒதுக்கி வைங்க. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 8 லட்சத்துக்கு 72,000 ஆகும். 10 லட்சம் வரைக்கும் உள்ள சொத்து பொம்பளைங்க பேர்ல பதிஞ்சா 2025 ஏப்ரல்ல இருந்து பதிவுக் கட்டணத்துல 1 சதவீதம் குறைவு, அப்போ 64,000தான். வழிகாட்டி மதிப்பு (அந்த இடத்துக்கு அரசு வச்சிருக்குற விலை), பத்திரத்துல போடுற விலை ரெண்டுல எது கூடவோ அதுக்குத்தான் கணக்கு.

அப்டேட்: கமென்ட்ல ஒரு அக்கா, எல்லா நம்பரும் போட்டும் பழசு ஒண்ணுமே வரலன்னு கேட்டிருந்தாங்க. அவங்க கிராமம் முன்னாடி வேற சார்பதிவாளர் ஆபீஸ்ல இருந்திருக்கு, பின்னாடி பிரிச்சு மாத்திட்டாங்க. பழைய ஆபீஸைத் தேர்ந்தெடுத்துப் போட்டதும் நாலு பதிவு வந்துச்சாம். பழைய பத்திரத்தோட முத்திரையில ஆபீஸ் பேரு இருக்கும், அதப் பாத்துப் போடுங்க.