கொடுமைக்காரனா, பாதிக்கப்பட்டவனா, துரோகியா: வாசகர் வட்டத்தில் தீர்ப்பு சொல்வது எப்படி

கோட்டூர்புரம் நூலகத்திலோ மெரினா மணலிலோ கூடிப் பேசினாலும் சரி, ஒரு அமர்வுக்கு ஒரே பாத்திரம் போதும். முதல் பத்து நிமிடம் கருத்தே கூடாது. என்ன செய்தான் என்பதை மட்டும் அத்தியாய எண்ணோடு எழுதுங்கள். பக்க எண் வேண்டாம், பதிப்புக்குப் பதிப்பு மாறும்.

ஹாரி பாட்டர் நாவல் வரிசையில் வரும் ஆசிரியர் ஸ்நேப்பை எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் புத்தகம் 28ஆம் அத்தியாயத்தில், பள்ளி மாணவனான அவனை, சக மாணவன் ஜேம்ஸ் (பின்னாளில் ஹாரியின் அப்பா) எல்லார் முன்னாலும் தலைகீழாகத் தொங்கவிடுகிறான். அங்கே அவன் பாதிக்கப்பட்டவன், சந்தேகமே இல்லை. ஆனால் மூன்றாம் புத்தகத்தில், ஆசிரியரான பிறகு, மாணவன் நெவில் காய்ச்சிய மருந்தை நெவில் வளர்க்கும் தேரைக்கே புகட்டி அந்தப் பையனை நடுங்க வைக்கிறான். ஸ்நேப்பின் கடந்த காலத்தைச் சொல்லும் ஏழாம் புத்தகத்தின் 33ஆம் அத்தியாயத்தைப் படித்துக் கண்ணீர் விட்டவர்கள் நெவிலை மறந்துவிடுவார்கள். பெரும்பாலான விவாதங்கள் தடம் புரள்வது இங்கேதான். பட்ட துன்பத்தையும் செய்த கொடுமையையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்காதீர்கள்.

துரோகிக்கு மூன்று கேள்வி: முகத்துக்கு நேரே மறுப்புச் சொன்னானா? வெளிப்படையாக விலகினானா? யார் உயிர் போனது? பட்டிமன்றங்களில் ஓயாமல் அடிபடும் வீடணன் சபையிலேயே ராவணனுக்கு அறிவுரை சொல்லி, விரட்டப்பட்ட பிறகே ராமனிடம் போகிறான். ஹாரி பாட்டரில் வரும் பீட்டர் பெட்டிக்ரூ ஜேம்ஸின் நண்பனாகவே இருந்துகொண்டு, ஜேம்ஸ் ஒளிந்திருக்கும் இடம் பற்றித் தான் காப்பதாக ஏற்ற ரகசியத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுக்கிறான். இருவரையும் ஒரே சொல்லால் அழைப்பது அநியாயம். கும்பகருணனும் இடித்துரைத்தான், ஆனால் அண்ணனோடு நின்று மடிந்தான். வீடணனைப் பேசும் நாளில் அவனையும் சேர்த்தே பேசுங்கள்.