மார்பகப் புற்றுநோய்ப் பரவலை ஆராய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்பகப் புற்றுநோயில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் மார்பில் இருக்கும் கட்டி இல்லை. அது எலும்புக்கும் நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் பரவுவதுதான். அந்தப் பரவலைத் தூண்டும் சமிக்ஞைப் புரதங்களை ஆராய வரும் புதியவர்கள், நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே பிழைகளைச் செய்கிறார்கள். லேபிள் ஒட்ட மறப்பது போன்றவை போகப் போகச் சரியாகிவிடும். மற்றவை அப்படியில்லை.

எந்தச் செல் என்று சோதிக்காமல் வளர்ப்பது

எனக்கு இன்னமும் எரிச்சல் மூட்டுவது இதுதான். எம்டிஏ-எம்பி-435 என்ற செல் லைன் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் செல் வகை) 1976ல், மார்பகப் புற்றுநோய் இருந்த ஒரு பெண்ணின் நுரையீரல் உறையில் கோத்திருந்த நீரிலிருந்து எடுத்ததாகப் பதிவானது. எலிக்குள் செலுத்தினால் நன்றாகப் பரவும். அப்படிப் பரவும் மார்பகச் செல்கள் குறைவு என்பதால் பலரும் அதையே எடுத்தார்கள். 2000ல் மரபணுச் செயல்பாட்டை ஒப்பிட்டபோது அது மெலனோமா எனும் தோல் புற்றுநோய்ச் செல்களோடு போய்ச் சேர்ந்தது. 2007ல் டிஎன்ஏ ஒப்பீட்டிலும் உறுதியாயிற்று: ஓர் ஆணிடமிருந்து எடுத்த எம்14 மெலனோமா செல்லும் இதுவும் ஒன்றே.

வேறோர் ஆய்வகம் கொடுத்த குப்பியில் "மார்பகம்" என்று எழுதியிருந்ததை நம்பி, ஒரு மாணவி மாதக்கணக்கில் இந்தச் செல்லோடு மல்லுக்கட்டினார். உண்மை தெரிந்ததும், "பரவுகிற செல்தானே மேடம், எதுவாக இருந்தால் என்ன?" என்று கேட்டார். சமிக்ஞையே வேறு அம்மா! இந்தச் செல்லின் பிராஃப் என்ற சமிக்ஞைப் புரதத்தில் 600ஆம் இடத்தில் வாலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் குளுட்டாமிக் அமிலம் உட்கார்ந்திருக்கிறது. அதனால் வெளியிலிருந்து எந்த வளர்ச்சிக் காரணியும் வராமலேயே பிராஃப் அடுத்த சமிக்ஞைப் புரதமான மெக்கை முடுக்கும், மெக் அதற்கடுத்த எர்க்கை முடுக்கும். மெலனோமாவில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருக்கும் இந்தச் சடுதிமாற்றம் மார்பகப் புற்றுநோயில் அபூர்வம். எர்க்கைத் தடுத்ததும் இந்தச் செல் நகராமல் நின்றால், அது மெலனோமாவைப் பற்றிய செய்தி. அதை மார்பகப் புற்றுநோயின் கணக்கில் எழுதினால் மருந்து தேடுபவர்களும் வழி தவறுவார்கள்.

செல் வந்த அன்றே, அது யாருடையது என்று டிஎன்ஏவை வைத்து அடையாளம் காட்டும் எஸ்டிஆர் சோதனைக்கு அனுப்புங்கள். கட்டுரை அனுப்பும் முன் இன்னொரு முறை. எம்டிஏ-எம்பி-231 நிஜமான மார்பகச் செல்தான், ஆனால் அதிலும் கேராஸ் என்ற இன்னொரு சமிக்ஞைப் புரதம், பிராஃப் இரண்டும் மாறியிருக்கின்றன. எல்லா மார்பகப் புற்றுநோய்க்கும் அது ஒன்றே சாட்சி ஆகாது.

பாஸ்பேட் ஏறிய எர்க்கை மட்டும் பார்ப்பது

எர்க் முடுக்கப்பட்டால் அதில் பாஸ்பேட் ஏறும். புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் அதன் பட்டை கருத்திருக்கிறது, சரி. மொத்த எர்க் கூடினாலும் கருக்கும்; இரண்டையும் பாருங்கள். செல்லை உடைக்கும் கரைசலில் பாஸ்பேட்டைக் கழற்றும் நொதியான பாஸ்பட்டேஸுக்குத் தடுப்பான் சேர்க்க மறந்தால், நீங்கள் தேடும் பாஸ்பேட்டே கழன்றுவிடும்.

கீறல் மூடினால் செல் நகர்ந்தது என்பது

தட்டில் படர்ந்த செல்களில் கீறல் போட்டு, அது மூடுகிறதா என்று பார்க்கும் சோதனை இது. செல்கள் நகராமல் பெருகினாலும் கீறல் மூடும்.

ஹார்மோன் சோதனையில் ஃபீனால் ரெட்

செல் வளர்க்கும் திரவத்தில் சேர்க்கும் இந்தச் சாயம் வேண்டாம். அதோடு வரும் கசடு எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய்ச் செல்லில் ஈஸ்ட்ரோஜன் வேலையைப் பார்க்கும்.

டிஜிஎஃப்-பீட்டாவுக்கு ஒரே முத்திரை

டிஜிஎஃப்-பீட்டா ஒரு சமிக்ஞைப் புரதம். ஆரம்பக் கட்டத்தில் செல் பெருகுவதை அடக்கும் அதே புரதம், முற்றிய கட்டத்தில் செல்கள் பிரிந்து ஊடுருவத் துணைபோகும். எலும்பு கரையும்போது வெளிவரும் டிஜிஎஃப்-பீட்டா, அங்கே குடியேறிய புற்றுநோய்ச் செல்லைப் பிடிஎச்ஆர்பி என்ற புரதத்தைச் சுரக்க வைக்கும். அது எலும்பை இன்னும் கரைக்கும். எந்தக் கட்டம், எந்த உறுப்பு என்று நோட்டில் எழுதிவிட்டு அப்புறம் தடுப்பானைச் சேருங்கள்.