டயல் அப் மொடம் இணைய மறுக்கிறதா? முதலில் வயரைப் பாருங்கள்

பழைய கணினியைத் தூசி தட்டி எடுத்து, நண்பர் வீட்டு மொடத்தோடு (கணினித் தரவை ஒலியாக்கித் தொலைபேசி வயரில் அனுப்பும் கருவி) தொலைபேசி வழியே கோப்பு பரிமாறிப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு இது. இணைப்பு வரவில்லை என்றதும் பலர் விண்டோஸையே அழித்துத் திரும்பப் போடுகிறார்கள். தேவையில்லாத வேலை. யாழ்ப்பாணத்து உப்புக் காற்றுக்கும் மாரி மழைக்கும் முதலில் பழுதாவது வயர்தான்.

1. வீட்டுக்கு வருவது செப்புக் கம்பி இணைப்பா என்று பாருங்கள். அன்டெனா வைத்த சிடிஎம்ஏ தொலைபேசியில் இது சரிவராது. அது குரலைச் சுருக்கி அனுப்புவதால் மொடத்தின் ஒலி சிதைந்துவிடும்.

2. ரிசீவரைத் தூக்கி ஏதாவது ஓர் இலக்கத்தை அழுத்துங்கள். டயல் டோன் நின்றுவிடும். இப்போது காது கொடுத்துக் கேளுங்கள். கரகரவென்றால் மூட்டுகளைத் திறந்து பாருங்கள். பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தால் வெட்டி, புதிதாகச் சீவி முறுக்குங்கள். போஸ்டிலிருந்து வளவுக்குள் வரும் வயரில் தென்னோலை உரசுகிறதா என்றும் பாருங்கள். ஆனால் வெளி வயரில் நீங்கள் கை வைக்க வேண்டாம், தொலைபேசி நிறுவனத்துக்கு அறிவியுங்கள். இடி மின்னல் நேரத்தில் வீட்டு வயரையும் தொடாதீர்கள். அதற்கு முன்பே மொடத்தைக் கழற்றிவிடுங்கள்.

3. ஸ்பிளிட்டர், நீட்டு வயர் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு நேரே சுவர்ச் சொக்கெட்டில் செருகுங்கள். மொடத்தின் பின்னால் இரண்டு துளைகள் இருக்கும். சுவரிலிருந்து வரும் வயர் 'லைன்' என்ற துளைக்குத்தான் போக வேண்டும்.

4. எக்ஸ்பி வரை விண்டோஸோடு வந்த ஹைப்பர் டெர்மினலை (மொடத்துக்குக் கட்டளை தட்டும் நிரல்) திறந்து, ஆங்கிலத்தில் 'ஏடி' (AT) என்று தட்டி என்டர் அழுத்துங்கள். 'ஓகே' வந்தால் மொடம் உயிரோடு இருக்கிறது. வராவிட்டால் நிரலில் காம் போர்ட்டை (கணினியில் மொடம் இணைந்திருக்கும் வாசல்) மாற்றிப் பாருங்கள். 'நோ டயல்டோன்' என்று அடம்பிடித்தால் 'ஏடிஎக்ஸ்3' (ATX3) கொடுங்கள்; டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும்.

5. நீங்கள் 'ஏடிடிடி' (ATDT) என்பதோடு எண்ணைச் சேர்த்துத் தட்ட, அங்கே மணி அடிக்கும்போது நண்பர் 'ஏடிஏ' (ATA) தட்ட வேண்டும். கீச்சென்ற ஒலி, பிறகு இரைச்சல், பிறகு 'கனெக்ட்'. இரைச்சலோடு நின்று 'நோ கேரியர்' வந்தால் திரும்ப இரண்டாம் படிக்குப் போங்கள்.

இணைந்த பிறகு எழுத்து ஒழுங்காகப் போகிறது, படம் மட்டும் பாதியில் நிற்கிறதா? ஃப்ளோ கன்ட்ரோல் (தரவை நிறுத்தி நிறுத்தி அனுப்பும் ஏற்பாடு) 'எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப்' என்று இருக்கும். அதில் 19 என்ற பைட் 'நிறுத்து', 17 'தொடர்' என்று பொருள். படக் கோப்புக்குள் அந்த 19 தற்செயலாக வந்தாலே மொடம் நிறுத்தச் சொன்னதாக எடுத்துக்கொள்ளும். இரு பக்கமும் 'ஹார்ட்வேர்' என்று மாற்றி, கோப்பை இசட்மொடம் என்ற கோப்பு அனுப்பும் முறையில் அனுப்புங்கள்.

திடீர் திடீரென்று அறுந்தால் கோல் வெயிட்டிங்கை நிறுத்துங்கள். மற்ற அறையில் யாரும் ரிசீவரைத் தூக்க வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள்.

'கனெக்ட் 115200' என்று வந்தால் மகிழ வேண்டாம், அது பெரும்பாலும் கணினிக்கும் மொடத்துக்கும் இடையிலான வேகம். பெட்டியில் 56 கே என்று போட்டிருந்தாலும், இரு வீட்டு மொடங்களுக்கு இடையே விநாடிக்கு 33.6 கிலோபிட்டுக்கு மேல் ஏறாது. 56 கே வேகத்துக்கு ஒரு முனை டிஜிட்டலாக இருக்க வேண்டும்.